தேள் குடும்பங்கள்: புட்டிச் சீட்டில் எந்தப் பட்டியலை எழுதுவது?

கல்லூரி விலங்கியல் துறையில் பழைய தேள் புட்டிகளை ஒழுங்கு செய்ய உட்காருகிறவருக்கும், பல்லுயிர்ப் பதிவேட்டுக்குத் தேள் பட்டியல் தயாரிக்கிறவருக்கும் வருகிற முதல் தலைவலி ஒன்றே: நெருங்கிய பேரினங்களை ஒன்றாகச் சேர்க்கும் பிரிவான 'குடும்பம்' என்ற கட்டத்தில் எதை நிரப்புவது? ஒரே தேளை ஒரு நூல் இஸ்க்னூரிடே என்கிறது, அடுத்தது லியோகெலிடே என்கிறது, இன்னொன்று ஹெமிஸ்கார்ப்பியிடே என்கிறது, இன்றைய இணையப் பட்டியலோ ஹார்முரிடே என்கிறது. தேள் அப்படியேதான் இருக்கிறது. மாறியவை பெயரும் அதன் பின்னால் இருக்கும் வாதமும்தான்.

கையில் இருக்கும் வழிகள் நான்கு. முதலாவது, இந்திய விலங்கியல் ஆய்வகம் 1983-இல் வெளியிட்ட டிக்காதர், பஸ்தவாடே நூலை அப்படியே பின்பற்றுவது. இரண்டாவது, சோலெக்லாட், ஃபெட் இருவரும் 2003-இல் உருவமைப்பை வைத்துத் தந்த 14 குடும்ப அமைப்பு. மூன்றாவது, அதை மறுத்து பிரெண்டினி, வீலர் இருவரும் 2005-இல் நிறுத்திய 18 குடும்ப அமைப்பும், அதன் வழியில் வளர்ந்து இன்று இருபதைத் தாண்டிவிட்ட நடப்புப் பட்டியல்களும். நான்காவது, 2015-இல் ஷர்மா குழு தொடங்கிவைத்த மரபுத் தொகுதி மரங்கள், அதாவது மரபணுத் தரவிலிருந்து வரையும் உறவு மரங்கள்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடலாம். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கிடைக்கும் தேள்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்த நான்கில் எதை எடுத்தாலும் குடும்பம் மாறாது. செந்தேள் எல்லாப் பட்டியலிலும் பியூத்திடேதான். நட்டுவாக்காலி எல்லாப் பட்டியலிலும் ஸ்கார்ப்பியோனிடேதான். சண்டை ஓரங்களில் நடக்கிறது. அந்த ஓரங்கள் எவை என்று தெரிந்துகொண்டால் வேலை பாதியாகிவிடும்.

சண்டைக்கு அப்பால் நிற்கும் அடித்தளம்

எல்லாத் தரப்பும் ஒப்புக்கொள்ளும் அடையாளம் ஒன்று உண்டு: இடுக்கிக் காலில் இருக்கும் டிரைக்கோபோத்ரியா என்னும் உணர்மயிர்களின் எண்ணிக்கையும் இடமும். பிரெஞ்சு ஆய்வாளர் மாக்ஸ் வாஷோன் 1970-களின் தொடக்கத்தில் இவற்றுக்கு எண்ணும் பெயரும் கொடுத்து மூன்று வகையாகப் பிரித்தார். ஒரு பக்கத்து இடுக்கிக் காலில் ஏ வகைக்கு 39, பி வகைக்கு 37, சி வகைக்கு 48. ஏ என்றால் பியூத்திடே. பி என்றால் கேரிலிடே. சி என்றால் மற்ற அனைத்தும். நடு ஆசியாவிலிருந்து 1998-இல் குரோமோவ் விவரித்த சூடோகாக்டஸ் இந்த மூன்றிலும் அடங்காததால், 35 மயிர் கொண்ட டி வகை 2001-இல் சேர்ந்தது. அதன் உறவினங்கள் பின்னர் லாவோஸ், வியட்நாம் குகைகளிலும் கிடைத்தன.

மொத்தத்தையும் எண்ணத் தேவையில்லை என்பதுதான் இதில் நடைமுறைச் சூட்சுமம். இடுக்கிக் காலின் தொடைக் கண்டத்தை மட்டும் பார்த்தால் போதும். சி வகையில் அங்கே மேலே ஒன்று, உட்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று, ஆக மூன்றே மூன்று. ஏ வகையில் 11: மேலே 5, உள்ளே 4, வெளியே 2. பி வகையில் 9, டி வகையில் 12. மூன்றா, ஒன்பதோ அதற்கு மேலோ என்ற அளவில் பார்த்தாலே பாதி முடிவு கிடைத்துவிடும்.

தவறு நேர்வது எங்கே? சாதாரண மயிரையும் உணர்மயிரையும் குழப்பிக்கொள்வதில். உணர்மயிர் எப்போதும் ஒரு கிண்ணக் குழியின் நடுவிலிருந்து கிளம்பும். அதைச் சுற்றி விளிம்பு தெரியும். பழைய மாதிரிகளில் மயிர் உதிர்ந்துபோயிருக்கும், ஆனால் குழி அப்படியே இருக்கும். ஆகவே எண்ண வேண்டியது மயிரை அல்ல, குழியை. நட்டுவாக்காலியின் இடுக்கி முழுக்க மேடும் மயிருமாக இருப்பதால் வெள்ளை வெளிச்சத்தில் குழி மறைந்துவிடும். அறையை இருட்டாக்கி, 365 நானோமீட்டர் புற ஊதா டார்ச்சை அடித்து, 20 முதல் 40 மடங்கு உருப்பெருக்கியில் பார்த்தால் தோடு பச்சையாக ஒளிர, குழிகள் தனித்துத் தெரியும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் 395 நானோமீட்டர் டார்ச் இரவில் தேள் தேடப் போதும். குழி எண்ண அதன் ஊதா வெளிச்சமே இடைஞ்சல். ஆண்டுக்கணக்கில் ஊறிய தேளும் ஒளிரும். அது ஊறிய ஆல்கஹாலே ஒளிர ஆரம்பித்திருக்கும் என்பதால், மாதிரியைப் புது ஆல்கஹாலுக்கு மாற்றிவிட்டுப் பார்ப்பது நல்லது. அண்மையில் தோலுரித்த தேள் மட்டும் ஒளிராது.

எண்ணிக்கை கூடுவதும் குறைவதும் உண்டு. சில பியூத்திடே பேரினங்களில் தொடையில் 11-க்குப் பதில் 10 இருக்கும். இமயமலைப் பக்கத்து ஸ்கார்ப்பியாப்ஸ் பேரினத்தில் அடுத்த கண்டமான முழங்கண்டத்தில் கூடுதல் மயிர்கள் இருப்பதால் 48 என்ற கணக்கு இடிக்கும். தொடையைப் பார்க்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். மாற்றம் அதிகம் நடக்கும் இடம் முழங்கண்டமும் இடுக்கியும்தான்.

1983 நூலை அப்படியே வைத்துக்கொண்டால்

இந்தியத் தேள்களுக்கு வரைபடங்களோடும் பிரிப்பு விசைகளோடும் (கூறுகளைப் படிப்படியாகக் கேட்டு அடையாளம் காட்டும் பட்டியல்கள்) ஒரே கட்டாக இருக்கும் நூல் என்ற வகையில் அதற்கு இன்னும் ஈடில்லை. கள ஆட்கள் பலர் இன்றும் அதில்தான் தொடங்குகிறார்கள், அது சரியும்கூட. பேரினம் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு அதன் விசைகள் நன்றாகவே வேலை செய்கின்றன.

ஆனால் அதிலிருந்து குடும்பப் பெயரை நகலெடுத்தால் மாட்டிக்கொள்வோம். ஸ்கார்ப்பியாப்ஸ் அப்போது வேஜோவிடே என்ற குடும்பத்தில் இருந்தது. இன்றைய பட்டியல்களில் வேஜோவிடே வட, நடு அமெரிக்கத் தேள்களுக்கு மட்டுமே உரிய பெயர். 'மகாராஷ்டிரம், வேஜோவிடே' என்ற பதிவு இணையத் தரவுத்தளத்தில் ஏறினால், பார்ப்பவர் ஏதோ மெக்சிகோத் தேள் இங்கே குடியேறிவிட்டதாக நினைப்பார். சஹ்யாத்ரியில், அதாவது மேற்குத் தொடர்ச்சி மலையில், கிடைக்கும் நியோஸ்கார்ப்பியாப்ஸ் 1983-க்குப் பின் கடந்துவந்த பாதையைப் பாருங்கள்: வேஜோவிடே, ஸ்கார்ப்பியோபிடே, 2001-க்குப் பின் யூஸ்கார்ப்பியிடே, இப்போது மறுபடி ஸ்கார்ப்பியோபிடே. போதாக்குறைக்கு 2020-இல் அந்தப் பேரினமே ஸ்கார்ப்பியாப்ஸுக்குள் கரைக்கப்பட்டுவிட்டது.

பதினாலா, பதினெட்டா?

2003 அமைப்பு சாதாரண வேலை அல்ல. உணர்மயிர், மார்புத் தகடு, கெலிசெரா என்னும் வாயருகு இடுக்கியின் பற்கள், கால் நுனி முட்கள் என்று நூற்றுக்கணக்கான கூறுகளைத் தொகுத்து, உயிருடன் இருக்கும் தேள் இனங்கள் அத்தனையையும் நான்கு பெரும்பிரிவாகவும் 14 குடும்பமாகவும் அடுக்கியது. 'யூஸ்கார்ப்பியஸ்' என்ற, தேள்களுக்கென்றே நடக்கும் இணைய ஆய்விதழில் அது வந்தது. 2005-இல் 'கிளாடிஸ்டிக்ஸ்' இதழில் வந்த மறுப்பு மிகக் காரமானது. கூறுகளை வரையறுத்த முறை, பகுப்பாய்வு, இணையத்தில் மட்டும் வெளியிட்டு மதிப்புரை பெறும் முறை என்று எல்லாவற்றையும் கேள்விக்குள்ளாக்கி, தலைப்பிலேயே 'வகைப்பாட்டு அராஜகம்' என்று குற்றம் சாட்டியது. சோலெக்லாட், ஃபெட் தரப்பும் அதே ஆண்டே பதில் எழுதியது. அதன்பின் பல ஆண்டுகள், ஒரு கட்டுரையின் குடும்பப் பெயரைப் பார்த்தாலே அதை எழுதியவர் எந்த அணி என்று சொல்லிவிடலாம் என்ற நிலை இருந்தது.

நமக்கு வேண்டியது யார் வென்றார் என்பது அல்ல. இந்தியத் தேள்களைப் பொறுத்தவரை இரண்டும் உரசுகிற இடம் முக்கியமாக ஒன்று: தட்டைத் தேள்கள். லியோகெலிஸ், அயோமாகஸ், கைரோமாகெட்டிஸ் போன்றவை. பாறைப் பிளவிலும் மரப்பட்டைக்கு அடியிலும் புகுந்துகொள்ள ஏற்ற தட்டை உடம்பு, பெரிய இடுக்கி, ஒட்டவைத்தது போன்ற சிறுத்த வால். 2003 அணி, 2005-இல் இவற்றை ஹெமிஸ்கார்ப்பியஸோடு ஒரே குடும்பமாகச் சேர்த்து, குடும்பத்துக்கு ஹெமிஸ்கார்ப்பியிடே என்று பெயரிட்டது. எதிரணி இரண்டையும் தனித்தனிக் குடும்பங்களாகவே வைத்தது.

பெயர் குழப்பத்துக்கு இன்னொரு அடுக்கும் உண்டு. தட்டைத் தேள்களின் பழைய பெயரான இஸ்க்னூரிடே, இஸ்க்னூரா என்ற ஊசித்தட்டான் பேரினத்தின் குழுப்பெயரோடு மோதியது. விலங்குப் பெயரிடல் விதிப்படி இரண்டு குழுவுக்கு ஒரே பெயர் இருக்கக் கூடாது என்பதால் 2001-இல் லியோகெலிடே என்ற மாற்றுப் பெயர் வந்தது. ஹார்முரிடே என்ற பெயர் 1896-லேயே போடப்பட்டது. மூத்த பெயர் என்ற உரிமையில் இன்று அதுவே நிற்கிறது. ஆக இஸ்க்னூரிடே, லியோகெலிடே, ஹார்முரிடே மூன்றும் ஒரே பொருள். தயக்கமில்லாமல் மாற்றி எழுதலாம். ஹெமிஸ்கார்ப்பியிடே மட்டும் அப்படி அல்ல. அதை எந்த அணியின் நூலிலிருந்து எடுத்தது என்று தெரியாமல் மாற்றக் கூடாது.

இங்கேதான் எங்கள் தேர்வு தெளிவாகிறது. ஈரானின் குசெஸ்தான் பகுதியில் உயிரிழப்புக்குப் பேர்போன ஹெமிஸ்கார்ப்பியஸ் லெப்டூரஸ், பியூத்திடே அல்லாத தேள்களில் மருத்துவ ரீதியாக மிக ஆபத்தானது. அதன் நஞ்சு இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கிறது, கொட்டிய இடத்துத் தசையை அழுகவைக்கிறது. சிறுநீரகம் வரை போகிறது. லியோகெலிஸோ கொட்டினால் கொஞ்ச நேரம் எரியும், அவ்வளவுதான். இரண்டையும் ஒரே குடும்பப் பெயரில் பதிவேட்டில் ஏற்றினால், 'ஹெமிஸ்கார்ப்பியிடே' என்று தேடும் மருத்துவருக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் சாதுத் தேள்களும் சேர்ந்து வந்து நிற்கும். பிரித்து எழுதியதைப் பின்னால் சேர்ப்பது ஒரு நிமிட வேலை. சேர்த்து எழுதியதைப் பிரிக்க ஒவ்வொரு புட்டியையும் மறுபடி திறக்க வேண்டும். அதனால் 18 குடும்ப வழியும் அதன் இன்றைய தொடர்ச்சியும்தான் சீட்டுக்கு ஏற்றவை என்பது எங்கள் கட்சி. அந்த அணியின் மரம்தான் சரி என்பதால் சொல்லவில்லை.

மரபணு மரங்கள் எதற்கு உதவும், எதற்கு உதவாது

2015-இல் ஷர்மா குழு தேள்களின் ஆர்.என்.ஏ. தரவிலிருந்து கட்டிய மரம் இரு அணியின் உருவமைப்பு மரங்களோடும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. குடும்பங்கள் என்று நாம் நம்பிய பல குழுக்கள் ஒரே வேரிலிருந்து வந்தவை அல்ல என்று அது காட்டியது. அடுத்த ஆண்டுகளில் வந்த ஆய்வுகள் அதையே மேலும் கிளறின. ஆனால் அடித்தளப் பிளவு தெளிவாக வந்தது: பியூத்திடே, கேரிலிடே, சூடோகாக்டிடே மூன்றும் ஒரு பக்கம், மற்ற எல்லாக் குடும்பங்களும் மறு பக்கம். அதாவது ஏ, பி, டி வகை உணர்மயிர் ஒரு பக்கம், சி வகை மறு பக்கம். வாஷோன் மயிர் எண்ணி வைத்த கோடு, மரபணுத் தரவிலும் அதே இடத்தில் விழுந்திருக்கிறது. உருவமைப்பு ஆய்வை ஓரம்கட்டத் துடிப்பவர்கள் இதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

சீட்டு எழுதுகிறவருக்கு இந்த மரங்களால் நேரடிப் பயன் குறைவு. கிளைகளுக்கு ஆதரவு பலமாக இருக்கிறது. ஆனால் அந்தக் கிளையில் உள்ள தேளைக் கையில் எடுத்துப் பார்த்து அடையாளம் காணும் கூறு பல இடங்களில் இல்லை. பெரும்பிரிவுப் பெயர்களும் இன்னும் நகர்ந்துகொண்டிருக்கின்றன. ஆகவே குடும்பத்துக்கு மேலே எதையும் சீட்டில் எழுதாதீர்கள். பெருங்குடும்பம் என்ற கட்டமே வேண்டாம்.

இனங்களை அடையாளம் காணப் பயன்படும் மைட்டோகாண்ட்ரியாவின் சி.ஓ.ஐ. மரபணு வரிசையைப் பொதுத் தரவுத்தளத்தில் ஒப்பிட்டுக் குடும்பம் கண்டுபிடிக்கலாமே என்று கேட்பார்கள். செய்யலாம். அங்கே செந்தேளின் வரிசைகள் மீசோபியூத்தஸ் என்ற பழைய பெயரிலும் கிடக்கும், ஹாட்டென்டோட்டா என்ற இன்றைய பெயரிலும் கிடக்கும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு செய்ய வேண்டும்.

பேரினம் உடைந்தாலும் குடும்பம் அசையாத இடங்கள்

நட்டுவாக்காலிதான் இதற்குச் சரியான உதாரணம். ஆசியக் காட்டுத் தேள்கள் எல்லாம் ஹெட்டெரோமெட்ரஸ் என்ற ஒரே பேரினமாக இருந்தன. பிரெண்டினியும் லோரியாவும் 2020-இல் அதை ஏழாகப் பிரித்தார்கள்: ஹெட்டெரோமெட்ரஸ், டெக்கனோமெட்ரஸ், சஹ்யாத்ரிமெட்ரஸ், ஜைகான்டோமெட்ரஸ், ஸ்ரீலங்காமெட்ரஸ், செர்சோனெசோமெட்ரஸ், ஜவானிமெட்ரஸ். உலகின் மிகப் பெரிய தேள்களில் ஒன்றான நம்மூர்த் தேள் இப்போது ஜைகான்டோமெட்ரஸ் ஸ்வாமெர்டாமி. ஹெட்டெரோமெட்ரஸ் என்ற பெயர் பெரும்பாலும் தென்கிழக்காசிய இனங்களோடு ஒதுங்கிவிட்டது. ஆக, தமிழ்நாட்டுப் புட்டியில் 'ஹெட்டெரோமெட்ரஸ்' என்று மட்டும் எழுதியிருந்தால் பேரினத்தை மறுபடி பார்த்தாக வேண்டும். ஸ்கார்ப்பியோனிடே என்பதை மட்டும் தொட வேண்டாம்.

செந்தேள் கதையும் அதே. ஃபப்ரீசியஸ் 1798-இல் பெயரிட்ட அந்த டாமுலஸ் இனம் பியூத்தஸ், பியூத்தோட்டஸ், மீசோபியூத்தஸ் என்று பேரினம் பேரினமாக அலைந்து, இன்று ஹாட்டென்டோட்டா டாமுலஸ். மகாராஷ்டிரத்தின் மகாத் ஊரில் மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் பிராசோசின் மருந்தால் செந்தேள் கடிச் சாவுகளைக் குறைத்த ஆய்வுகளைத் தேடுகிறவர் இந்தப் பழைய பேரினப் பெயர்களையும் போட்டுத் தேட வேண்டும். யாழ்ப்பாணத்தில் கொட்டுபவர்களை மருத்துவமனைக்குக் கொண்டுவருவதும் இதே இனம்தான். எந்தப் பேரினத்தில் வைத்தாலும் அது பியூத்திடே.

மேசையில் வரிசை

முதலில் மார்புத் தகடு. தேளைப் புரட்டி, கால்கள் சேரும் இடத்துக்கு நடுவே பாருங்கள். முன்பக்கம் குறுகிய முக்கோணம் என்றால் பியூத்திடே. ஐங்கோணம் என்றால் மற்றவை. குஞ்சுத் தேள்களில் இது ஏமாற்றும். பியூத்திடே குஞ்சுக்கும் தகடு ஐங்கோணம் போலத் தெரியும். சந்தேகம் வந்தால் தொடை மயிருக்குப் போங்கள்.

தொடையில் 9, தலைக் கவசத்தின் ஓரத்தில் இரண்டு இணைக் கண்கள் மட்டும் என்றால் கேரிலஸ். வடகிழக்கிலும் இமயத்திலும் இலங்கையிலும் எதிர்பார்க்கலாம்.

தொடையில் 3 என்று வந்து, தென்னிந்தியாவிலிருந்து எடுத்தது என்றால் போட்டி பெரும்பாலும் ஸ்கார்ப்பியோனிடேக்கும் ஹார்முரிடேக்கும்தான். உடம்பு தட்டையா, பருமனா என்று பார்த்து முடிவெடுக்கும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஆல்கஹாலில் சுருங்கிய தேளில் அது கவிழ்த்துவிடும். காலின் கடைசிக் கணுவைப் பக்கவாட்டில் பாருங்கள். நகத்துக்கு இரு புறமும் உருண்டையாக முன்னே நீளும் மடல் இருந்தால் ஸ்கார்ப்பியோனிடே. விளிம்பு நேராக வெட்டியதுபோல் இருந்தால் ஹார்முரிடே. பத்து மடங்கு கைலென்ஸே போதும்.

பியூத்திடேக்குள் பேரினம் வரை போக வேண்டுமானால், கொடுக்கு முள்ளுக்குக் கீழே ஒரு சின்னப் பல் இருக்கிறதா, மூன்றாம் நான்காம் கால்களில் முழங்குழல் (டிபியா) கண்டத்து முள் இருக்கிறதா என்ற இரண்டும் முதலில் வேண்டும். பல்லும் முள்ளும் இருந்தால் லைகஸ் வட்டாரம். பல் இருந்து முள் இல்லாவிட்டால் ஐசோமெட்ரஸ் வட்டாரம். ஹாட்டென்டோட்டாவுக்கு அந்தப் பல் கிடையாது. லைகஸிலிருந்து ஜனலைகஸும், ஐசோமெட்ரஸிலிருந்து ரெட்டியானஸும் அண்மை ஆண்டுகளில் பிரிந்திருப்பதால் 'வட்டாரம்' என்கிறோம்.

புதிய மாதிரி சேர்ப்பவர் முதலில் ஒரு காலைக் கழற்றி 95 சதவீதத்துக்கு மேற்பட்ட எத்தனாலில் போட்டு உறைநிலையில் வைத்துவிட வேண்டும். உடம்பை 70 முதல் 80 சதவீத எத்தனாலில் வைக்கலாம். ஃபார்மலினில் போட்டால் மூட்டுகள் விறைத்து, மார்புத் தகட்டைப் பார்க்கவே காலை ஒடிக்க வேண்டிவரும், டி.என்.ஏ.வும் கெடும். நட்டுவாக்காலி அளவுத் தேளில் ஆல்கஹால் உள்ளே இறங்காமல் வயிறு அழுகிவிடும். பக்கத்து மென்சவ்வில் சிறு கீறல் போட்டு, மறுநாள் ஆல்கஹாலை மாற்றுங்கள். காட்டுக்குள் சேகரிக்க வனத்துறை அனுமதி வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

கொட்டியவருக்கு இந்தப் பட்டியல்கள் வேண்டுமா?

வேண்டியதில்லை. இந்தியாவில் உயிருக்கு உலை வைக்கும் தேள்கள் பியூத்திடேயில் இருக்கின்றன என்பது போதும். 'இடுக்கி மெலிந்து வால் தடித்தால் ஆபத்து' என்ற சூத்திரம் செந்தேளையும் நட்டுவாக்காலியையும் பிரிக்கப் பயன்படும். எல்லா இடத்திலும் பயன்படாது. மெலிந்த இடுக்கி கொண்ட ஐசோமெட்ரஸ் பெரிய ஆபத்து இல்லை. ஹெமிஸ்கார்ப்பியஸோ அந்தச் சூத்திரத்துக்குள் அடங்காமலே கொல்கிறது. குழந்தைக்கு வியர்வை, வாந்தி, கைகால் சில்லிடுதல் கண்டால் தேளைப் பிடித்துக் குடும்பம் பார்த்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும். முடிந்தால் கைபேசியில் ஒரு படம்.

சீட்டின் வடிவம்

குடும்பக் கட்டத்தில் நடப்புப் பட்டியலின் பெயர். நார்வேயிலிருந்து யான் ஊவே ரைன் நடத்தும் 'ஸ்கார்ப்பியன் ஃபைல்ஸ்' இதற்குக் கைக்கு எளிது. அதன் பக்கத்தில் எந்த ஆண்டு பார்த்து எழுதியது என்ற குறிப்பு. அடுத்து, எந்தப் பட்டியல் வந்தாலும் மாறாத மூன்று தகவல்கள்: தொடை மயிர் எண்ணிக்கை, மார்புத் தகட்டின் வடிவம், கால் நுனி மடலின் வடிவம். பழைய சீட்டைக் கிழிக்காமல் அதே புட்டிக்குள் விடுங்கள். அதில் இருக்கும் பழைய பெயர்தான் பிற்காலத்தவருக்கு நூல்களைத் தேடும் சாவி. பென்சிலால் எழுதுங்கள், பால்பாயின்ட் பேனா மை எத்தனாலில் கரைந்துவிடும்.

கேரளத்திலிருந்து வந்த சி வகைத் தேள் எந்த விசையிலும் அடங்க மறுத்தால் ருகோடென்டஸ் கேரளென்சிஸ் நினைவுக்கு வரட்டும். பஸ்தவாடே, சுரேசன், ராதாகிருஷ்ணன் மூவரும் 2005-இல் அதற்கென்றே ருகோடென்டிடே என்ற குடும்பத்தை அமைத்தார்கள். இடையில் ஏற்கப்படாமல் கிடந்த அந்தக் குடும்பத்தை, ஹெட்டெரோமெட்ரஸை உடைத்த அதே 2020 ஆய்வு மீண்டும் ஏற்றுக்கொண்டது. அப்படிப்பட்ட புட்டிக்குக் குடும்பக் கட்டத்தை அவசரப்பட்டு நிரப்ப வேண்டாம். 'சி வகை, தொடையில் 3' என்று மட்டும் எழுதித் தனியே வையுங்கள்.